டெமேத்ராவுக்கு உடுப்புத் தைத்த கோடை

என்னுடைய இடத்தில் இப்போது வேலை செய்கிற டிலானி போன மாதம் தொலைபேசி எடுத்தாள். புதிய நாடகத்தில் தேவர்களின் ராசா சீயஸ் கோட் சூட் போட்டுக்கொண்டு வருகிறாராம். கடைக்குப் போய் அளவு பார்த்து வாங்கியாயிற்றாம். தையல் அறைக்கு மிச்சமிருக்கிற வேலை, ஒலிவாங்கியைச் சட்டைக்குள் எங்கே ஒளிப்பது என்பது மட்டும்தான். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னாள். பிறகு, நான் செய்த உடுப்புகளுக்குள் எது சரியான கரைச்சல் தந்தது என்று கேட்டாள். செட்டை வைத்த உடுப்பையோ வெண்கலக் கவசத்தையோ சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். ஒரு கறுப்புத் துணி, அதில் ஒரு தையல்கூட இல்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விசயமும் இல்லை. எழுதித் தாறன் என்றேன். அவள் இங்கே இத்தாலியில், பலேர்மோவில் பிறந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும்.

என் பெயர் ஜெசிந்தா. மன்னாரில் இருந்து வந்தவள். வந்த புதிதில் எங்கள் ஆட்கள் எல்லாரையும் போல லிபெர்த்தாத் தெருப் பக்கம் ஒரு பணக்கார வீட்டில் வேலைதான் செய்தேன். அந்த வீட்டு எசமானி, அதாவது சிஞ்ஞோராவின் தங்கை தெரேசா, பழைய கிரேக்கக் கதைகளை நாடகமாகப் போடுகிற ஒரு கம்பனியில் தலைமைத் தையல்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், நான் விளிம்பு மடித்துத் தைத்திருந்த மேசைவிரிப்பைப் பிரட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கோடையில் தனக்குக் கை காணாது, இந்தப் பெண்ணை விடுவாயா என்று தமக்கையிடம்தான் கேட்டார். தமக்கை சிரித்துக்கொண்டு, அவளிடமே கேள் என்றார். ஒரு கோடைக்கு என்று போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

தையல் அறை பொலிதேயாமா என்ற பெரிய நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழே சப்பாத்துக் கடை, நடுவில் ஒரு கணக்காளரின் கந்தோர், மேலே நாங்கள். மாடிக்கு மேலே மொட்டை மாடி. பலேர்மோ இருக்கிற இந்தத் தீவில் ஒரு காலம் கிரேக்கர் இருந்தவர்கள். அவர்கள் கட்டின கல் அரங்குகள் மலைகளில் இன்னும் இருக்கின்றன. பாதாளத்து ராசா, பெர்சேபொனே என்ற தெய்வப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனது இந்தத் தீவின் நடுவில் இருக்கிற ஒரு குளக்கரையில்தான் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். ஒவ்வொரு கோடைக்கும் எங்கள் கம்பனி இரண்டு கதை எடுக்கும். அந்தக் கதைகளை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அளவு எடுக்கும்போது, ஊசி குத்தும்போது, யார் யாரைக் கொல்லப் போகிறார், எந்த இடத்தில் இரத்தம் வரும் என்று தெரேசா சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டதுதான்.

முதல் வருடம் முழுக்க என் கையைத் திருத்துவதிலேயே போனது. கிரேக்க உடுப்பும் தைக்காத துணிதானே, சீலை மாதிரித்தானே என்று நினைத்துக்கொண்டு போனேன். அதுதான் பிழை. சீலை இடுப்பில் நிற்பது. இந்த உடுப்பு தோளில் தொங்குவது. இரண்டு தோளிலும் பெரிய ஊசி குத்தி, இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மிச்சத்தைப் பாரத்தோடு விழ விட வேண்டும். என் கை தன்பாட்டில் சீலைக்கு வைப்பது போலக் கொய்யகத்தை மடித்து இடுப்பில் செருகும். தெரேசா வந்து வெளியே இழுத்து விடுவார். இன்னொரு தரம் செருகுவேன். இன்னொரு தரம் இழுத்து விடுவார். மடிப்பு வைப்பதற்கு வேறு முறை இருந்தது. லினன் துணியை ஈரமாகப் பிடித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று கயிறு மாதிரி முறுக்கி, முறுக்கு அவிழாமல் கட்டி, மொட்டை மாடியில் காயப் போடுவோம். காய்ந்த பிறகு அவிழ்த்தால் துணி முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கம் நிற்கும். அதற்கு மேலே இஸ்திரிப்பெட்டி படக்கூடாது.

தெரேசாவின் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். அதனால் பாதிக் கதையைப் புருவத்தால்தான் கதைப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தைத்தது பிடிக்கவில்லை என்றால் முழுவதையும் பிரித்து, நூலைத் தட்டி எடுத்துவிட்டு, துணியை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஏன் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடிகர்களுக்கு உடுப்பு மாற்றிவிடுகிற விதத்தில் மட்டும் கட்டளை உண்டு. அழுதுகொண்டு நிற்கிற ஆளுக்கும், இருட்டில், கதைக்காமல் உடுப்பு மாற்றத் தெரிய வேண்டும். அவர்களுடைய உடம்பில் கண்டதை வெளியில் சொல்லக்கூடாது.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். தேவர்களுடைய உடுப்பு விளிம்பு நிலத்தில் படக்கூடாது. சீயஸ் என்றாலும் அவருடைய தூதன் ஹெர்மஸ் என்றாலும் விளிம்பு கணுக்காலுக்கு மேலே, வெள்ளை என்றால் வெள்ளையாகவே நிற்க வேண்டும். மனிசருடைய விளிம்பு நிலத்தில் இழுபட வேண்டும். அதைத் தேயிலைச் சாயத்தில் முக்கி, கம்பி பிரஷ்சால் உரஞ்சி, ஓரத்தைக் கிழித்து, பழையது ஆக்கித்தான் மேடைக்கு விடுவோம். பின்வரிசையில் இருந்து பார்க்கிறவனுக்கு முகம் தெரியாது, எது தேவன் எது மனிசன் என்று விளிம்பைப் பார்த்துத்தான் அறிவான் என்பார்.

தெரேசா எப்படிப்பட்ட ஆள் என்று விளங்கிக்கொள்ள ஹெர்குலிஸின் சட்டைக் கதை ஒன்று போதும். ஹெர்குலிஸின் மனைவி, புருசனுடைய அன்பு தன்னை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில், யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு சட்டைக்கு மருந்து பூசி அனுப்புகிறாள். அது மருந்தில்லை, நஞ்சு. போட்டவுடன் உடம்பில் ஒட்டி எரிகிறது. எத்தனையோ மிருகங்களைக் கொன்ற வீரன் ஒரு சட்டையால் சாகிறான். அந்தச் சட்டை ஈரமாக மினுங்க வேண்டும் என்று இயக்குநர் கேட்டதால், ஒரு பசையில் சாயம் கலந்து பூசினோம். நாடகம் போட்ட முதல் நாள் ஹெர்குலிஸ் கத்தின கத்தலுக்குச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. உள்ளே வந்தபோதுதான் தெரிந்தது, அந்த மனிசனுக்கு முதுகு முழுக்க உண்மையாகவே கொப்பளம் போட்டிருந்தது. பசை ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியரிடம் அனுப்பிவிட்டு எல்லாரும் பதறிக்கொண்டிருந்தோம். தெரேசா அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வரும்போது, தன்னுடைய மேற்சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு தையல் மெசினில் இருந்தார். மத்தியானம் வரை கழற்றவில்லை. கழுத்தில் சிவந்து தடித்த பிறகு, பசை வேண்டாம், மெழுகு பூசுவோம் என்றார். அதற்குப் பிறகு எங்கள் அறையில் செய்த எந்த உடுப்பையும் முதலில் அவரோ நானோ ஒரு காலை நேரம் போட்டுப் பார்க்காமல் நடிகருக்குக் கொடுத்ததில்லை.

திதோனோவின் கதையும் அப்படித்தான் மனதில் நிற்கிறது. விடியலின் தேவதை ஒரு மனிசனில் ஆசைப்பட்டு, அவனுக்குச் சாவே வரக்கூடாது என்று சீயஸிடம் கேட்டு வாங்குகிறாள். முதுமையும் வரக்கூடாது என்று கேட்க மறந்துவிடுகிறாள். அவன் சாகவும் மாட்டாமல், கிழண்டு, சுருங்கி, கடைசியில் குரல் மட்டும் மிஞ்சிய பூச்சியாகிறான். ஒரே நடிகர் எப்படி மேடையில் சுருங்குவது? தெரேசா ஒரே நிறத்தில் ஒரே மாதிரி அங்கிகள் தைத்தார், ஒன்றைவிட ஒன்று பெரிதாக. காட்சிக்குக் காட்சி நாங்கள் பெரிய அங்கியாக மாற்றிவிட, ஆள் சின்னதாகிக்கொண்டு போவார். அந்த வேடத்தைப் பல கோடை தொடர்ந்து செய்தவர் நீனோ என்ற வயதான நடிகர். பகிடிக்காரர். ஒரு வருடம் அளவு எடுக்கப் போனேன். இந்த முறை கடைசி அங்கியை அவ்வளவு பெரிதாகத் தைக்கத் தேவையில்லை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். அளவு நாடாவைச் சுற்றினேன். உண்மையாகவே பாதி ஆள்தான் இருந்தார். அந்தக் கோடையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் கண்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரேசா மட்டும் கேளாமலே பழைய அங்கிகளை எல்லாம் ஒரு சுற்று உள்ளே பிடித்துத் தைத்து வைத்திருந்தார்.

இனி அந்தக் கறுப்புத் துணிக்கு வருகிறேன்.

அந்த வருடம் லூக்கா என்ற இயக்குநர் டெமேத்ராவின் கதையை எடுத்தார். டெமேத்ரா தானியத்தின் தெய்வம். அவளுடைய மகள் பெர்சேபொனே பூப்பறித்துக்கொண்டு நிற்கும்போது, நிலம் பிளந்து பாதாளத்து ராசா அவளைக் கொண்டுபோகிறான். தாய் பந்தம் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறாள். தெய்வம் என்று தெரியாமல் இருக்க ஒரு வயதான மனிசியாக வேடம் மாற்றிக்கொண்டு கிணற்றடியில் போய் இருக்கிறாள். அவள் துக்கத்தில் இருக்கும்வரை ஒரு பயிரும் முளைக்கவில்லை. சனம் பட்டினியில் சாகத் தொடங்கிய பிறகுதான் சீயஸ் இறங்கி வந்து, பிள்ளையை விடு என்று பாதாளத்துக்கு ஆள் அனுப்புகிறார். இந்த நாடகத்தைப் போட வேண்டிய இடம் பழைய நகரத்துக் கால்சாப் பகுதியில், கூரை போன ஒரு பழைய மாளிகையின் முற்றம். ஒரு பக்கம் திருத்திப் பூசின சுவர், மற்றப் பக்கம் சனம் குடியிருக்கிற வீடுகளின் பல்கனிகளும் உடுப்புக் காயப்போடும் கயிறும்.

செல்வமலர் அக்காவைத் தையல் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். மாதா கோவிலில் பழக்கம். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஊரில் சண்டை முடிந்த பிறகு இங்கே இருந்த தமையனிடம் வந்து, லிபெர்த்தாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை செய்தார். பின்னேரங்களில் நேரம் இருந்ததால் எங்களுக்கு இஸ்திரி போட வந்தார். அவருடைய மகள் நிரோஜி கடைசிச் சண்டையில் கடற்கரையில் காணாமல் போனவள். கஞ்சி வாங்கப் பானையோடு வரிசைக்குப் போன பிள்ளை. அந்த இடத்தில் ஷெல் விழுந்தது. தாய் ஓடிப் போய்ப் பார்த்தபோது பிள்ளையும் இல்லை, உடம்பும் இல்லை, பானையும் இல்லை. பிறகு ஆர் ஆரோ அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்றார்கள். நவம்பரில் செத்தவர்களுக்குப் பூசை வைக்கும்போது அக்கா தன் மகளின் பெயரைக் கொடுக்கமாட்டார். இதையெல்லாம் ஒரு நாள் பஸ்ஸில் மீன் விலை சொல்வது போலச் சொன்னார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

ஒத்திகைக்காக இஸ்திரி போட்ட உடுப்புகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அக்கா கால்சா முற்றத்தைக் கடந்து போனதை லூக்கா பார்த்தார். அந்த நடையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று என்னிடம் வந்தார். டெமேத்ராவாக ஓர்னெல்லா என்ற பெரிய நடிகை நடிக்கிறார், அவர் தெய்வமாக நிற்கட்டும், தெய்வம் மனிசியாக வேடம் மாற்றின பிறகு வேறு ஒருவர் நடக்க வேண்டும், கதைக்க வேண்டியதில்லை என்றார். நான் அக்காவிடம் சொன்னேன். மகள் காணாமல் போன தாயின் கதை என்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "நடக்கத்தானே? அதுதானே நான் செய்தது," என்றார்.

இங்கேதான் தெரேசாவுக்குக் கரைச்சல் தொடங்கியது. டெமேத்ரா தெய்வம். தெய்வத்தின் விளிம்பில் அழுக்குப் படக்கூடாது. ஆனால் மனிசி வேடத்தில் நடந்து தேடுகிறாள். தன்னுடைய விதியில் இதற்கு இடம் இல்லாமல் அவர் ஒரு கறுப்புத் துணியை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். கடைசியில் மனிசிக்குரிய உடுப்பையே எடுத்துத் தோளில் ஊசி குத்திவிட்டார். அக்கா நடந்து பார்த்தார். ஊசி குத்தும் என்று தோளைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். லூக்கா கேட்ட நடை அதில் இல்லை. தெரேசா ஊசிகளைக் கழற்றிவிட்டு, அங்கே மகளைத் தேடி நடந்தபோது தலைக்கு மேல் ஏதாவது போட்டிருந்தாயா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். வெயிலுக்குக் கட்டில் விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தேன் என்று சொல்லி, அக்கா அந்தக் கறுப்புத் துணியைத் தலையில் போட்டு, ஒரு முனையைக் கமக்கட்டுக்குள் இடுக்கினார். நடந்தார். சரியாக இருந்தது. தெரேசா வாயில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

விளிம்புக்குத் தேயிலைச் சாயம் கொண்டு வந்தேன். அக்கா வேண்டாம் என்றார். அங்கை மண் வெள்ளை, களப்பு உப்புத் தண்ணிக்குள்ளாலை நடந்து வந்து காய்ஞ்சால் உப்புத்தான் நிக்கும் என்றார். தெரேசா ஒரு வாளியில் உப்பைக் கரைக்கச் சொன்னார். முக்கிக் காயவிட்டதும் கறுப்பில் வெள்ளையாக ஒரு கோடு ஏறியது. தெய்வத்தினுடையது என்றால் தெய்வத்தினுடையது, மனிசியினுடையது என்றால் மனிசியினுடையது. ஒவ்வொரு காட்சிக்கும் உப்பு உதிர்ந்துவிடும். ஒவ்வொரு நாள் காலையும் திரும்ப முக்குவது என் வேலை.

ஒத்திகை நன்றாகப் போகப் போக லூக்காவின் ஆசையும் கூடியது. கடைசிக் காட்சியில் மகள் நிலத்துக்குள் இருந்து மேலே வருகிறாள். அவளைக் கட்டிப்பிடிப்பது ஓர்னெல்லா இல்லை, அக்காதான் என்று மாற்ற விரும்பினார். மகளாக நடித்தது மார்த்தா என்ற இருபது வயதுப் பிள்ளை. மஞ்சள் உடுப்போடு படியேறி வந்து கையை நீட்டினாள். அக்கா அசையவில்லை. லூக்கா ஒரு தரம் காட்டினார், இரண்டாம் தரமும் காட்டினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உந்தப் பிள்ளை என்ரை பிள்ளை இல்லை, ஜெசிந்தா. என்ரை பிள்ளை இன்னும் வரேல்லை. வந்த மாதிரிக் கட்டிப்பிடிக்க என்னாலை ஏலாது."

அப்படியே சொன்னேன். லூக்கா தன்மையாகத்தான் கதைத்தார். இது நாடகம் என்றார், சனம் அழும் என்றார். செய்து பார்த்தால் அக்காவின் மனதுக்கும் நல்லது என்றார். அந்தக் கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. இத்தனை வருடம் சிஞ்ஞோராக்களோடு இருந்தவருக்கு அந்த அளவு இத்தாலியன் விளங்கும். துணியைத் தலையில் இருந்து எடுத்து, நாலாக மடித்து, கதிரையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.

விளம்பரம் ஒட்டி முடிந்திருந்தது. வேறு ஒருவரைப் பார்ப்போம் என்று யாரோ சொன்னார்கள். அதே நடையைப் பழக்கலாம் என்றும் சொன்னார்கள். தெரேசா லூக்காவிடம் போய், துணி வேறொருவருக்குப் போகாது, இன்னொன்று வெட்டுகிற எண்ணமும் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து மெசினில் இருந்தார். லூக்கா கெட்ட ஆள் இல்லை. அடுத்த நாள் என்னிடம் வந்து, மன்னிப்புக் கேட்க வேண்டும், கூட வருவாயா என்று கேட்டார்.

அக்கா வேலை செய்கிற வீட்டுக்குப் போனோம். சிஞ்ஞோரா மத்தியான நித்திரை. எங்களைக் குசினியில் இருத்திவிட்டு, அக்கா இரவுச் சாப்பாட்டுக்குப் பயிற்றங்காய் முனை கிள்ளிக்கொண்டிருந்தார். லூக்கா மன்னிப்புக் கேட்டார். அக்கா தலையை ஆட்டினார். கதையின் முடிவை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன், வருவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்றார் லூக்கா. சொல்லத் தொடங்கினார். நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். மகள் மேலே வருகிறாள். தாய் கண்டவுடன் ஒன்றைத்தான் கேட்கிறாள்: அங்கே இருந்த நேரம் ஏதாவது சாப்பிட்டாயா?

அக்காவின் கை நின்றது.

"அந்தத் தாய் அதையே கேட்டவ?"

"ஓம் அக்கா."

"அதுக்குப் பிள்ளை என்ன சொன்னவள்?"

"சாப்பிட்டனான் எண்டு. கொஞ்ச மாதுளம் முத்து. அங்கத்தை ராசா குடுத்தவராம்."

லூக்கா மேலே சொல்லிக்கொண்டு போனார். பாதாளத்தில் உணவைத் தொட்டவர் அங்கே திரும்பிப் போகத்தான் வேண்டும். அது ராசாவின் தந்திரம். அதனால்தான் வருடத்தில் ஒரு பங்கு காலம் மகள் கீழேயும் மிச்சம் மேலேயும் இருக்கிறாள். அவள் கீழே இருக்கிற காலம்தான் நிலம் காய்ந்து கிடக்கிறது. சாப்பிட்டேன் என்று மகள் சொன்னதும் தாய் இடிந்துபோகிறாள். எல்லாவற்றையும் நான் சொன்னேன். அக்கா முதல் விசயத்தைத் தாண்டி வரவில்லை.

"அப்ப பசியோடை இருக்கேல்லை."

"அதாலைதான் அக்கா அவள் திரும்பிப் போக வேண்டி வந்தது."

"அது பிறகு. முதல் சாப்பிட்டவளெல்லே. ஆரோ குடுத்திருக்கினம்."

நான் அதை லூக்காவுக்குச் சொன்னேன். அக்கா பயிற்றங்காயைக் கிள்ளி முடித்து, கழுவி, தண்ணீரை வடிய விட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தான் வாறன் என்றார். அந்த ஒரு கேள்வியைத் தான் கேட்பாராம். தமிழில் கேட்பாராம். கட்டிப்பிடிக்கமாட்டாராம். அந்தப் பிள்ளை கிட்ட வராமல் தள்ளி நின்று பதில் சொல்ல வேண்டுமாம். லூக்கா எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்.

நாடகத்துக்கு முந்தின நாள் உடுப்பு அளவு பார்க்கும்போது மார்த்தா என்னிடம் மெதுவாக ஒரு விசயம் கேட்டாள். 'ஆம், சாப்பிட்டேன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது, தான் பாடமாக்கி அந்த அம்மாவுக்குத் தெரியாமல் மேடையில் சொல்கிறேன் என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள், கண் கலங்கியிருந்தது. நான் யோசித்தேன். 'ஓம் அம்மா, சாப்பிட்டனான்' என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த முற்றத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் கேட்டால் அக்காவுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மார்த்தாவுக்கும் தெரியாது. அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல வேண்டிய ஆள் வேறு. "வேண்டாம். நீ இத்தாலியனிலேயே சொல்லு," என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. தெரேசா பக்கத்தில் முழங்காலில் நின்று விளிம்பு பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஒரு தரம் தலையை அசைத்துவிட்டு, வேலையைப் பார்த்தார்.

அடுத்த நாள் வெயில் தாழும் நேரம் தொடங்கினோம். பல்கனிகளில் சனம் கதிரை போட்டிருந்தது. எங்கேயோ கோப்பை கழுவுகிற சத்தம் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா முற்றத்தைச் சுற்றி நடந்தார். ஓர்னெல்லாவின் குரல் வந்தது, பயிர்கள் கருகின, சீயஸின் தூதன் போய் வந்தான். பிறகு நிலத்தில் இருந்த கதவு திறந்து மார்த்தா மஞ்சள் உடுப்போடு ஏறி வந்தாள். சொன்னபடி தள்ளி நின்றாள்.

ஒத்திகைகளில் அக்கா கேள்வியைச் சும்மா, அடுப்படியில் நின்று கேட்பது போலத்தான் கேட்பார். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார். குரலைக் கூட்டவில்லை.

"சாப்பிட்டியோ, பிள்ளை?"

அந்த முற்றத்தில் இருந்த நூற்றுக்கணக்கான ஆட்களில் அந்தச் சொல் விளங்கினது எனக்கும் இன்னும் ஓரிருவருக்கும்தான் இருக்கும்.

"ஸீ," என்றாள் மார்த்தா. "ஹோ மஞ்ஜாத்தோ."

ஓர்னெல்லா பின்னால் கல்லில் இருந்து கத்தினார், தெய்வம் இடிந்துபோக வேண்டிய இடம் அது. அக்கா இடியவில்லை. பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாங்கள் பழகியதில் அடுத்து அவர் திரும்பி வெளியே வர வேண்டும். திரும்புவதற்கு முன் ஒரு சொல் சொன்னார், அது ஒருவரும் எழுதிக் கொடுக்காத சொல்.

"நல்லது."

பிறகு முற்றத்தைக் கடந்து என்னிடம் வந்தார். நான் துணியை வாங்கினேன். காலில் உப்புத் துகள் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். நாடகம் முடிந்து காரில் திரும்பும்போது தெரேசா வழக்கத்துக்கு மாறாகத் தானே கதை தொடக்கினார். இத்தனை வருடம் தேவர்களுக்கு உடுப்புத் தைத்தேன், அவர்களுக்குப் பசி என்றால் என்னவென்று தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை என்றார்.

எல்லாக் காட்சிக்கும் அக்கா வந்தார். எல்லாக் காட்சியிலும் கேட்டார். 'நல்லது' என்பதை முதல் நாளுக்குப் பிறகு சொல்லவில்லை. லூக்காவும் அதைக் கேட்டு வாங்கப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் வேறு ஊர்களில் இருந்து அழைப்பு வந்தது. மலை மேல் இருக்கிற பெரிய கல் அரங்கிலும் போடச் சொன்னார்கள். லூக்கா என்னை அனுப்பினார். அக்கா அதே குசினியில், சிஞ்ஞோராவின் இரவு உடுப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, கையில் இருந்ததை முடித்து மடித்து வைத்தார்.

"நான் வரேல்லை, ஜெசிந்தா."

ஏன் அக்கா, கரைச்சலாய் இருந்ததோ என்று கேட்டேன்.

"இல்லை. எனக்குக் கேக்க இருந்தது அந்த ஒண்டுதான். கேட்டிட்டன்."

அடுத்த உடுப்பை எடுத்து விரித்தார். நான் கொஞ்ச நேரம் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.